மலிவான ஜாகை

யாத்திரை போகிறவர்கள் முதலில் சுவாமியை நினைக்கிறார்களோ இல்லையோ, ஜாகையை நினைக்கிறார்கள். "காசியில் எங்கே தங்கினீர்கள்? வாடகை என்ன?" என்பதுதான் போய் வந்தவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி. கங்கையைப் பற்றி அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். அது ஓடிக்கொண்டிருந்தாலும் எங்கும் ஓடிப் போய்விடாது அல்லவா?

பிஜித் தீவில் உபாத்தியாயராக இருக்கும் நம் நண்பர் ஒருவருக்கும் இந்த வழக்கம் உண்டு. 1903 முதல் தென்னிந்தியாவிலிருந்து பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர் அவர். படிப்பதற்காகச் சென்னைக்கு வந்தபோது நமக்குச் சிநேகிதமானார். மூன்று வருஷங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "நெடுநாள் ஆசை நிறைவேறப் போகிறது. கிறிஸ்துமஸ் தீவுக்கு மீன் பிடிக்கப் போகிறேன். அங்கே இருப்பதற்குள் மிக மலிவான ஜாகையைப் பிடித்துவிட்டேன்" என்று அதில் வெற்றி முழக்கம் செய்திருந்தார்.

அந்த வெற்றி என்ன விலைக்குக் கிடைத்தது என்பதைச் சொல்லுமுன், அந்தத் தீவையும் அந்த மீனையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பது நம் கடமை.

★

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே கிடக்கிறது இத்தீவு. பெயரை 'கிரிடிமாட்டி' என்று எழுதுகிறார்கள்; 'கிரிஸ்மஸ்' என்று உச்சரிக்கிறார்கள். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்நாட்டுப் பாஷையை ரோமன் லிபியில் எழுதும்போது 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 'டி', 'ஐ' என்ற இரண்டு எழுத்துக்களும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. நாட்டின் பெயராகிய 'கிரிபாட்டி'யும் வாயில் வரும்போது 'கிரிபாஸ்' ஆகிவிடுகிறது. காப்டன் குக் என்ற ஆங்கில மாலுமி 1777 டிசம்பர் 24-ந் தேதி இத்தீவைக் கண்டார். மறுநாள் பண்டிகை, பெயரும் வைத்தாகிவிட்டது.

பவளத்தால் அமைந்த வளையத் தீவுகளில் நிலப்பரப்பில் உலகிலேயே பெரியது இதுதான். 388 சதுரக் கிலோமீட்டர். கிரிபாட்டி நாட்டின் மொத்த நிலத்தில் ஏறக்குறைய பாதி. ஆனால் அந்நாட்டின் தலைநகரான தாராவா மேற்கே 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வடக்கே ஹொனலூலு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஊர்ப் பெயர்களோ வேடிக்கையானவை: லண்டன், போலந்து, பனானா. பாரிஸ் என்ற ஊரும் இருந்தது. இப்போது அங்கே ஜனங்கள் இல்லை. தீவைக் குத்தகைக்கு எடுத்துத் தென்னை பயிரிட்ட ரூஷியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே ஒரு சிறு கால்வாயை மட்டும் மிச்சம் வைத்தார்!

வேடிக்கை இத்துடன் முடிந்தது. 1957, 1958-ம் வருஷங்களில் பிரிட்டிஷார் தங்கள் ஹைட்ரஜன் குண்டுகளை இத்தீவின் அருகே ஆகாயத்தில் வெடித்துப் பரீட்சை பார்த்தார்கள். 1962-ல் அமெரிக்கர்கள் அதே காரியத்துக்கு வந்தார்கள். அவரவர் ஊரிலே வெடித்துப் பார்க்க முடியாததை அயலார் தீவிலே வெடித்துப் பார்ப்பது அக்காலத்து ஏகாதிபத்திய நாகரிகம். 1979 ஜூலை 12-ந் தேதி கிரிபாட்டி சுதந்திரம் அடைந்தது. இன்று 7,000 பேருக்கு மேல் இத்தீவில் வாழ்கிறார்கள். படைவீரர்கள் விட்டுப் போன கொட்டகைகள் இருந்த இடத்திலே பிற்காலத்தில் ஒரு ஹோட்டல்கூட ஏற்பட்டது. குண்டு போட வந்தவர்கள் போய்த் தூண்டில் போட வருகிறவர்கள் தங்கினார்கள். இது நிச்சயமாக முன்னேற்றந்தான்.

★

இனி மீன். ஆங்கிலத்தில் 'போன்பிஷ்' என்பார்கள். உடம்பெல்லாம் மெல்லிய முள் நிறைந்தது. ஆகையால் முள்மீன் என்றே நாம் அழைக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று ராத்தல்தான் இருக்கும். இந்தச் சிறு மீனுக்காக மனிதர்கள் சமுத்திரம் தாண்டி வருவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

தீவின் நடுவே பெரிய உப்பங்கழி; அதன் ஓரங்களில் மைல் கணக்கில் வெண்மணல் திட்டுக்கள். அலை ஏறும்போது முழங்காலளவு தண்ணீர் அவற்றின்மேல் பரவும். அப்போது முள்மீன் நண்டையும் இறாலையும் தேடி மேலே வரும். அதன் செதில்கள் கண்ணாடிபோல் மணலின் நிறத்தையே பிரதிபலிப்பதால், எதிரே வந்து நின்றாலும் மீன் தெரியாது. வெயிலில் அதன் நிழல் மட்டும் மணலில் தெரியும். மீன் பிடிப்பவர் ஓசைப்படாமல் நடந்து, இறகும் நூலும் கட்டி இறால் மாதிரி செய்த பொய்யிரையை அதன் வழியில் மெல்ல விழச் செய்ய வேண்டும். கவ்வினால், கண் மூடித் திறப்பதற்குள் நூறு கஜம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு அதைக் கரைக்கு அருகே கொண்டுவந்து, தூண்டிலைக் கழற்றி, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்.

"பிடித்து விடுவதற்கா இவ்வளவு?" என்று நம் வீட்டில் கேட்டார்கள். சீட்டாடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் சீட்டைத் தின்றுவிடுவதில்லையே என்று பதில் சொன்னோம். அந்தப் பதில் எடுபடவில்லை.

இந்த வேட்டையில் மிக முக்கியமான கருவி தூண்டிற்கோல் அன்று, வழிகாட்டியின் கண். உள்ளூர் மனிதர் ஒருவர் பக்கத்தில் நடந்துகொண்டே, "பதினோரு மணி, நாற்பது அடி" என்று முணுமுணுப்பார். நேர் எதிரே இருப்பதைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு திசை சொல்லும் முறை அது. நம் நண்பர் முதல் நாள் இதைக் கேட்டதும் கைக் கடிகாரத்தைப் பார்த்தாராம். மீன் அதற்குள் போய்விட்டது.

★

போனது மீன் மட்டும் அன்று. அந்த வாரத்தில் பெரும் பகுதியும் அப்படியே போயிற்று.

நண்பர் பிடித்த ஜாகையில் இரவு வாடகை மற்ற இடங்களில் சொன்னதில் பாதிதான். போய் இறங்கிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. வாடகை என்பது கட்டிலுக்கு மட்டும். படகு வேண்டுமானால் தனி, வழிகாட்டி தனி, மணல் திட்டுக்குக் கொண்டுபோய் விடும் லாரி தனி, அதற்குப் பெட்ரோல் தனி. முதல் நாள் படகு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் படகு இருந்தது, இயந்திரம் இல்லை. மூன்றாம் நாள் படகும் இயந்திரமும் வந்தன. நான்கு பேருக்கு ஒரே வழிகாட்டி. ஒருவருக்கு மீன் காட்டுவதற்குள் மற்ற மூவரும் தண்ணீரைக் கலக்கிவிட்டார்கள். நான்காம் நாள் பவளப்பாறை பாதத்தைக் கிழித்து, அவர் கட்டிலிலேயே படுத்திருந்தார். கட்டிலுக்குக் கொடுத்த வாடகை அன்று ஒரு நாள்தான் முழுதும் பயன்பட்டது!

'வேறு இடத்துக்கு மாறியிருக்கலாமே' என்று தோன்றும். தீவுக்கு ஆகாய விமானம் வாரத்துக்கு ஒன்று என்பதே நெடுநாளைய வழக்கம். பிஜியின் நாடி நகரிலிருந்து வருகிறவர்களானாலும், ஹொனலூலுவிலிருந்து வருகிறவர்களானாலும், இறங்கியவர் அடுத்த விமானம் வரையில் அங்கேதான் இருக்க வேண்டும். ஊர்களோ மைல் கணக்கில் விலகி நிற்கின்றன. பட்டணத்தில் ஹோட்டல் பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். அங்கே அடுத்த தெரு என்பது அடுத்த வாரம். மூன்று வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம், பாதி வாடகை என்ற ஒரு வரியை நம்பியதால் கரைந்தது.

★

ஊருக்குத் திரும்பிய நண்பர் மனம் உடைந்து போகவில்லை. கணக்கு உபாத்தியாயர் அல்லவா? தவறு எங்கே என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தார். அவர் போட்ட கணக்கை, விளங்குவதற்காக எண்களை மட்டும் நாமாக வைத்துக்கொண்டு, இங்கே தருகிறோம்.

ஒரு ஜாகையில் இரவுக்கு 60 டாலர். ஏழு இரவுக்கு 420. சாப்பாடு நாளைக்கு 30. ஏழு நாளைக்கு 210. படகும் வழிகாட்டியும் நாளைக்கு 200; ஆறு நாளைக்கு 1,200. லாரி நாளைக்கு 40. ஆறு நாளைக்கு 240. விமான நிலையத்துக்குப் போக வர 40. ஆக மொத்தம் 2,110. இன்னொரு ஜாகையில் எல்லாவற்றையும் சேர்த்து வாரத்துக்கு 1,900 என்கிறார்கள். இரவுக் கணக்கில் பார்த்தால் இது 270 டாலருக்குமேல் ஆகிறது. 60 எங்கே, 270 எங்கே என்று நாம் அலறுகிறோம். ஆனால் வாரம் முடிந்து பையைப் பார்த்தால் 210 டாலர் மிச்சமாகியிருப்பது 270 டாலர் ஜாகையில்தான்!

ஆகவே இத்தகைய தூரத் தீவுக்குப் போகிறவர்கள், "இரவுக்கு என்ன வாடகை?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "விமானத்திலிருந்து இறங்கி, மறுபடி ஏறும் வரையில் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும்.

அதைத் தொடர்ந்து கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஒருவரோ இருவரோ என்றால் சரி. அதற்குமேல் போனால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். படகு ஜாகைக்காரருக்குச் சொந்தமா, இரவலா? படகு பழுதாகும் நாளில் என்ன ஏற்பாடு? லாரியில் போய், கரையிலிருந்தே நடந்து பிடிக்கக்கூடிய திட்டுக்களும் உண்டாகையால், நல்ல ஜாகைக்காரர் இதற்கு உடனே பதில் சொல்வார்.

குடிதண்ணீர் எங்கிருந்து? இது சாதாரணக் கேள்வி அன்று. பவளத் தீவில் ஆறும் இல்லை, ஏரியில் நல்ல தண்ணீரும் இல்லை. மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கும் மெல்லிய நல்ல தண்ணீர்ப் படலமும், கூரையில் விழும் மழையுமே கதி. இத்தீவிலோ மழை நிச்சயமற்றது. பல வருஷம் வறண்டு கிடக்கும். பசிபிக் கடல் சூடேறும் 'எல் நினோ' வருஷங்களில் கொட்டித் தீர்க்கும். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்வது, தலையணை எவ்வளவு மிருதுவானது என்று தெரிந்துகொள்வதைவிட முக்கியம். மின்சாரம் எத்தனை மணி நேரம்? ஐஸ் கிடைக்குமா? பணம் எப்படிக் கொடுப்பது? அங்கே வழங்குவது ஆஸ்திரேலிய டாலர். ரொக்கமாக எவ்வளவு கொண்டு போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

தேதியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சர்வதேசத் தேதிக் கோட்டை 1995 பிறக்கும் சமயத்தில் கிரிபாட்டி அரசாங்கம் தன் நாட்டுக்குக் கிழக்கே தள்ளி வைத்தது. அதிலிருந்து உலகத்திலேயே புது நாள் முதலில் பிறப்பது இத்தீவுப் பக்கத்தில்தான். ஹொனலூலுவுக்கும் இதற்கும் சரியாக 24 மணி வித்தியாசம். அங்கே செவ்வாய்க்கிழமை புறப்பட்டவர் சுமார் மூன்று மணி நேரத்தில் புதன்கிழமையில் வந்து இறங்குவார். கடிகாரத்தைத் தொட வேண்டாம். நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தால் போதும். இதை மறந்து முதல் நாளுக்கே ஜாகையை ஏற்பாடு செய்கிறவர்கள், தாங்கள் படுக்காத கட்டிலுக்கு வாடகை கொடுக்க நேரிடும்.

அறை எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் கடைசியில்தான் சொல்வோம். கொசுவலை கிழியாமல் இருக்க வேண்டும். நனைந்த துணி உலர்த்தக் கொடி வேண்டும். கிழக்குக் காற்று உள்ளே வர ஒரு ஜன்னல் வேண்டும். விடிந்ததும் போய் அந்தியில் திரும்புகிறவனுக்கு இதற்குமேல் அரண்மனை எதற்கு? பவளத்தில் நடக்கக் கெட்டியான பாதரட்சையும் காயத்துக்கு மருந்தும் ஜாகையில் கிடைக்கும் என்று நம்பாமல், நாமே கொண்டு போக வேண்டும்.

★

சிக்கனம் நல்லது. ஆனால் எதில் சிக்கனம் என்பதில்தான் விவேகம் இருக்கிறது. அறையில் குறைத்துக்கொள்வது நம் சௌகரியத்தைக் குறைத்துக்கொள்வதாகும். அதற்கு நமக்குப் பூரண உரிமை உண்டு. வழிகாட்டியின் கூலியில் குறைப்பது வேறு. அதிலே குறைவது நம் சௌகரியம் அன்று. அவர் வீட்டு அடுப்பு. முடிவில் அது மீனையும் தொடும். எப்படி என்பதற்கு அந்நாட்டுத் தலைநகரே சாட்சி.

தாராவாவின் உப்பங்கழியிலும் முள்மீன் ஏராளமாக இருந்தது. 'இகாரி' என்பது அங்கே அதன் பெயர். ஜனங்களுக்கு முக்கியமான ஆகாரம். சந்திரனின் கணக்குப்படி குறிப்பிட்ட நாட்களில் அது கூட்டங் கூட்டமாகத் திரண்டு, குறிப்பிட்ட வழிகளில் வெளிக்கடலுக்குப் போய் முட்டையிடும். அந்த நாளும் வழியும் கிழவர்களான செம்படவர்களுக்கு மனப்பாடம். ஜனத்தொகை பெருகியது, வலைகள் பெருகின, திட்டுக்களை இணைக்கக் கட்டிய சாலைக் கரைகள் நீரோடும் வழிகளை அடைத்தன. முட்டையிடப் போகும் கூட்டமே அகப்பட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? 1990-களில் அக்கிழவர்களை விசாரித்தபோது, அவர்கள் அறிந்திருந்த முட்டையிடும் பயணங்களில் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயிருந்தன.

பசிக்கு மீன் பிடித்தவர்களைக் குறை சொல்ல, பொழுதுபோக்குக்குப் பிடிக்கப் போகும் நமக்கு வாயில்லை. ஆனால் கிரிடிமாட்டியில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. உயிரோடு நீந்தும் மீன் அங்கே ஒரு வழிகாட்டிக்கு ஒரு நாள் கூலி; நாளைக்கும் கூலி. வலையில் விழுந்த மீன் ஒரு வேளைக் குழம்பு. கூலி நியாயமாக இருக்கும் வரையில் அந்தக் கணக்கு அவருக்கு லாபம். கூலியை நாம் பேரம் பேசிக் குறைத்துவிட்டால் குழம்பே மேல் என்று அவர் நினைப்பதில் என்ன தவறு?

ஆகையால் ஜாகைக்காரரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். வழிகாட்டிக்கு என்ன கொடுக்கிறீர்கள்? பிடித்த மீனை எப்படி விடுகிறீர்கள்? நனைந்த கையால் பிடித்து, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், தூண்டிலைக் கழற்ற வேண்டும். கரையில் போட்டு அளந்து, தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, களைத்துப் போன மீனை வீசி எறிந்தால், பக்கத்தில் வட்டமிடும் சுறாவுக்கு விருந்து வைத்ததாகும். சுவரெல்லாம் அப்படிப்பட்ட படங்களை மாட்டியிருக்கும் ஜாகையைவிட, படமே இல்லாத ஜாகை உத்தமம்.

★

நம் நண்பர் சென்ற வருஷம் மறுபடியும் போனார். இம்முறை கேள்விகளை எல்லாம் எழுதி ஐந்து இடங்களுக்கு அனுப்பினார். மூன்று இடங்களிலிருந்து பதில் இல்லை. ஓர் இடத்திலிருந்து அழகான படங்கள் வந்தன. ஐந்தாவது இடத்திலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி பதில் வந்தது. பல வருஷம் பிறரிடம் வழிகாட்டியாக உழைத்த ஒருவர், தம் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டியிருந்தார். வாரக் கணக்கு முதலில் பிடித்த ஜாகையின் வாடகையைப் போல இரண்டு பங்குக்குமேல் இருந்தது. நண்பர் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார்.

அறையில் ஒரு கட்டில், ஒரு வலை, ஒரு ஜன்னல். விடியற்காலையில் வீட்டுக்கார அம்மாள் தென்னம்பாளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய தித்திப்பான சாற்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாளாம். சென்னையில் படித்த காலத்தில் குடித்த பதநீர் ஞாபகம் வந்து நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு நாளும் படகு தயார். ஒரு நாள் காற்றின் வேகத்தால் படகு போக முடியவில்லை. சொல்லி வைத்தபடியே லாரி வந்தது. மொத்தத்தில் செலவு, முதல் தடவை ஆனதைவிடக் குறைவு. புறப்படும்போது அவர் கொடுத்த பணம் முழுதும் அந்தத் தீவிலேயே, அந்த வீட்டிலேயே தங்கியது. வேறெங்கோ இருந்துகொண்டு வெடித்துப் பார்க்க உத்தரவிட்டவர்களின் தேசத்துக்கு அதில் ஒரு காசும் போகவில்லை.

எத்தனை மீன் பிடித்தார் என்று நாம் கேட்கவில்லை. மீன் பிடிப்பவரிடம் எண்ணிக்கை கேட்பது, பத்திரிகாசிரியரிடம் சந்தாதாரர் எண்ணிக்கை கேட்பது போல.

இந்த வாரம் அவரிடமிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்திருக்கிறது. "அடுத்த வருஷம் போகிறேன். உமக்கும் ஒரு கட்டில் சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வாடகை என்ன என்று நாம் விசாரிக்கவில்லை. "அதே வழிகாட்டிதானே?" என்று மட்டும் பதில் எழுதியிருக்கிறோம்.